காளைக்கு வேண்டியது காற்று, சூடு அல்ல
கண்காட்சி மாடுகளுக்குக் குறைந்த செலவில் புளோயர் வாங்குவது எப்படி?

பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் கிருஷி மேளாவில், ஹள்ளிக்கார் காளைகள் நிற்கும் இடத்தில் கூட்டம் மொய்க்கும். 2021 மேளாவுக்கு வந்த கிருஷ்ணா என்ற பொலிகாளைக்கு ஒரு கோடி ரூபாய் விலை பேசப்பட்டதாக நாடெங்கும் செய்தி பரவியது. மேளா பெரும்பாலும் நவம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலம். காலையில் குளிரும் மூட்டமும் இருக்கும். குளிப்பாட்டிய மாடு சீக்கிரம் காயாது. ஈரத்தோடு படுத்தால் சாணமும் மண்ணும் அப்பிக்கொள்ளும். அப்போதுதான் புளோயர் கைகொடுக்கும்.

ஹேர் டிரையர் போதாதா?

போதாது. ஹேர் டிரையர் சூட்டால் ஈரத்தை ஆவியாக்குகிறது. மாட்டுக்கான புளோயரோ காற்றின் வேகத்தால் நீரை மயிரிலிருந்து தள்ளி உதறுகிறது. ஒட்டிய தூசியும் கூடவே போய்விடும். அதிகச் சூடு தோலை வறட்டும். மோட்டாரைக் கடந்து வரும் காற்றின் இளஞ்சூடே போதும்.

எந்த அளவு வாங்கலாம்?

அமெரிக்காவில் இறைச்சி இன மாடுகளின் நீண்ட மயிரைத் தூக்கி நிறுத்திச் சீவுவதற்காக இரட்டை மோட்டார் இயந்திரங்களை வாங்குகிறார்கள். ஹள்ளிக்கார், அமிர்தமகால், காங்கேயம் மாடுகளுக்கு மயிர் குட்டை, உடம்போடு படிந்திருக்கும். அவற்றுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. நாய்களைக் குளிப்பாட்டும் நிலையங்களில் உள்ள ஒற்றை மோட்டார் புளோயரே தாராளம். ஓரிரு மாடுகள்தான் என்றால், பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற கடைவீதிகளில் கம்ப்யூட்டர் தூசி ஊத விற்கும் கைப்புளோயரும் உதவும், நேரம்தான் கூடும்.

வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சூடேற்றும் கம்பிச்சுருள் இழுக்கும் மின்சாரமும் அதில் சேர்ந்திருக்கும். காற்றின் அளவைக் கேளுங்கள். நீளமான குழாய், கழற்றிக் கழுவும் வடிகட்டி, மாற்றக்கூடிய கார்பன் பிரஷ் இருக்கின்றனவா என்று பாருங்கள். மயிரும் வைக்கோல் தூசியும் வடிகட்டியை அடைத்துவிட்டால் மோட்டார் கருகிவிடும்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம்

2,000 வாட் புளோயர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும். தரையும் ஈரம், மாடும் ஈரம் என்பதால் எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். சின்ன புளோயர் வாங்கி மிச்சமான பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

முதலில் பழக்குங்கள்

மாட்டின் செவி 8,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை மிகக் கூர்மையாகக் கேட்கும். மனிதக் காதுக்கு எட்டாத மேல் ஒலிகளும் அதற்குக் கேட்கும். கீச்சென்று ஊளையிடும் மோட்டார் அதை மிரட்டிவிடும். மேளாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, தீவனம் தின்னும் நேரத்தில் புளோயரைத் தொலைவில் ஓடவிட்டு, நாளுக்கு நாள் அருகே கொண்டுவாருங்கள். தோளில் தொடங்கி மயிர் படிந்த போக்கிலேயே பின்பக்கம் ஊதுங்கள். கண், காது, மூக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். அலைதாடி மடிப்பையும் தொடை இடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எவ்வளவு பழக்கியும் மிரளும் மாட்டுக்குப் புளோயரை விட்டுவிட்டு, உடம்பு முழுவதையும் துணியாலேயே துடைப்பதுதான் நல்லது.