அப்பா வாங்கிய அம்பாசடர்: கிழிந்த சீட்டை வீட்டிலேயே தைக்கலாம்!

சென்னையில் இன்றும் சில வீட்டு வாசல்களில் பழைய அம்பாசடர் கார் நிற்கிறது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். கதவைத் திறந்தால் சீட் கிழிந்து கிடக்கும். நாரும் ஸ்பிரிங்கும் வெளியே எட்டிப் பார்க்கும்.

"என்ஜினை மெக்கானிக் பார்த்துக்குவார். இந்த சீட்டை என்ன பண்றது?"

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது.

வீட்டிலேயே புதுப்பிக்கலாம்! ஒரு தையல் மெஷின், நாலைந்து ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பொறுமை. இவ்வளவு இருந்தால் போதும்.

புது சீட் கிடைக்காது

கல்கத்தா அருகே உத்தரபாராவில் தயாரான கார் அம்பாசடர். 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்று விட்டது. பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்று போனது. மும்பையில் ஓடிய கடைசி பத்மினி டாக்சியும் 2023-ம் ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றது. நம்ம ஊர் காரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை.

ஆகவே கம்பெனியில் போய் புது சீட் கேட்க முடியாது. இருக்கிற சீட்டைக் காப்பாற்றுவதுதான் வழி.

கவர் மேல் கவர்!

பலர் என்ன செய்கிறார்கள்? கிழிசல் தெரியாமல் இருக்க மேலே ஒரு கவர் மாட்டுகிறார்கள். அதுவும் கிழிந்தால் அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல், பெரிய அதிகாரி கார் மாதிரி, ஒரு வெள்ளைத் துண்டு!

இது தவறு.

சீட்டின் நோய் மேலே இல்லை. உள்ளே இருக்கிறது. மழைத் தண்ணீர் குடித்த நார் உள்ளேயே மக்கும். எலி கூடு கட்டும். ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடியும். நாற்றம் அடிக்கும். மேலே கவர் போடப் போட ஈரம் காய வழி இல்லாமல் போகும்.

ஆபத்தும் உண்டு. சீட் ஒரு பக்கம் அமுங்கினால் ஓட்டுகிறவர் கோணலாக உட்கார வேண்டும். முதுகு வலிக்கும். குள்ளமானவராக இருந்தால் முன்னால் ரோடு சரியாகத் தெரியாது. அவசரத்தில் பிரேக்கை முழுசாக அழுத்தவும் கால் எட்டாது.

ஆகவே முதலில் சீட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கழற்றுவது எப்படி?

பெரும்பாலான பழைய கார்களில் பின் சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கினால் வந்து விடும். முன் சீட் தண்டவாளம் போன்ற இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். பல வருஷத் துரு ஏறியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் ஒடிந்து விடும். முதல் நாள் ராத்திரியே துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். காலையில் ஸ்பேனர் போட்டால் சுலபமாகக் கழலும்.

கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலா பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எந்தத் துண்டு எங்கே மடிந்து எந்தக் கம்பியில் மாட்டியிருந்தது என்பது ஒரு வாரத்தில் மறந்து போகும்.

தூக்கி எறியாதீர்கள்!

பழைய உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவது பெரிய தவறு. அந்தக் கிழிசல்தான் உங்களுக்கு மாதிரி! டெய்லர் அளவுச் சட்டை கேட்பதில்லையா? அது போலத்தான்.

உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிறகு பிளேடால் தையலை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எழுதி வையுங்கள். இது இடது, இது வலது, இது முன்பக்கம் என்று. இரண்டு துண்டு சேரும் இடத்தில் அங்கங்கே குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். புதுத் துண்டிலும் அதே கோடு இருந்தால் தைக்கும்போது இழுத்துக் கொண்டு போகாது.

உறையின் அடியில் மடிப்புக்குள் நீளக் கம்பி ஒன்று ஓடும். அதை உருவிப் பத்திரப்படுத்துங்கள். புது உறைக்கும் அதுவே வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் ஸ்பிரிங். ஸ்பிரிங் மேல் சாக்கு. சாக்கு மேல் தேங்காய் நார் மெத்தை அல்லது ரப்பர் மெத்தை. அதன் மேல் மெல்லிய பஞ்சு. கடைசியில் ரெக்சின். பல பழைய சீட்டுகளின் கதை இதுதான்.

ரப்பர் மெத்தை பழசானால் கை பட்டதும் தூளாக உதிரும். அதைக் காப்பாற்ற முடியாது. நார் மெத்தை மக்காமல் இருந்தால் வெயிலில் காய வைத்து, தட்டித் தூசி போக்கி மறுபடி வைக்கலாம். "நார் எல்லாம் எதுக்கு சார், தூக்கிப் போட்டுட்டு முழுக்க ஸ்பாஞ்சு போட்டுடலாம்" என்று கடையில் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். நாரில் காற்று புகும். சென்னை வெயிலில் அதன் அருமை தெரியும்!

பிரிக்கும்போது முகத்தில் ஒரு துணி கட்டிக் கொள்ளுங்கள். இத்தனை வருஷத் தூசியும் எலிப் புழுக்கையும் மூக்கில் ஏறக் கூடாது.

ஸ்பிரிங் ஜாக்கிரதை

இரும்புச் சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு போனதும் ரெட் ஆக்சைடு அடித்துக் காய விடுங்கள்.

ஒடிந்த ஸ்பிரிங்குக்கு வெல்டிங் வைக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் முறுக்கு போய் விடும். பக்கத்திலேயே மறுபடி ஒடியும். புதுப்பேட்டையில் பழைய சீட் கிடைத்தால் அதில் இருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மாட்டுவது நல்லது. சட்டத்தில் விரிசல் இருந்தால் அது வேறு விஷயம். அதை மட்டும் வெல்டரிடம் கொடுக்கலாம். ஆனால் நாரும் ஸ்பாஞ்சும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு பொறி போதும்!

ஸ்பிரிங் மேல் புதுச் சாக்கு அல்லது கித்தான் போட்டு, கோணி ஊசியால் சுற்றிலும் தைத்துக் கட்டுங்கள். இதை விட்டு விட்டு நேராக ஸ்பாஞ்சு வைத்தால் ஸ்பிரிங் அதை அறுத்து விடும்.

எந்த ஸ்பாஞ்சு?

மெத்தைக் கடையில் "40 டென்சிட்டி" என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு 40 கிலோ எடை இருக்கும் என்று அர்த்தம். எடை குறைந்த ஸ்பாஞ்சு விலை மலிவு. ஆனால் சீக்கிரம் அமுங்கிப் போகும். உட்காரும் இடத்துக்கு 40, சாய்கிற இடத்துக்கு அதைவிடக் குறைந்தது போதும்.

பல் உள்ள நீளக் கத்தியால் வெட்டினால் ஓரம் நேராக வரும். உறையின் அளவைவிட சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அப்போதுதான் உறை சுருக்கம் இல்லாமல் இழுத்து நிற்கும்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை. அதன் ஆவி தலை சுற்ற வைக்கும்; தீயும் பிடிக்கும். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து ஒட்டுங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

ரெக்சின் வாங்கும்போது

ரெக்சின் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் சரக்குப் பெயர். இப்போது துணி மேல் பிளாஸ்டிக் பூசிய எல்லாவற்றுக்கும் நாம் அந்தப் பெயரையே சொல்கிறோம்.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய உறையில் வெயில் படாத மடிப்பில் இருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். அதுதான் காரின் அசல் நிறம். வெளியே தெரிவது வெளுத்த நிறம்.

வாங்கும் முன் ரெக்சினை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாக நீளும். எல்லாத் துண்டையும் ஒரே வாட்டத்தில் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் ஒரு துண்டு தொங்கும், ஒரு துண்டு இறுகும்.

தபால் தலை மாதிரி கிழியும்!

தைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சட்டை தைப்பது போல நெருக்கமாகத் தையல் போடக் கூடாது. ஏன் தெரியுமா? ரெக்சினில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருக்கமாக ஓட்டை விழுந்தால் தபால் தலை மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்து விடும். அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையல் போதும். குண்டூசியும் குத்தாதீர்கள். துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுப் பிடித்துக் கொள்ளுங்கள்.

ஊசி 18-ம் நம்பர். நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப் போகும்.

மெஷின் காலில் ரெக்சின் ஒட்டிக் கொண்டு நகராமல் அடம் பிடிக்கும். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக் கொண்டு போகும்.

ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங்கில் நாலு மடிப்பு சேரும். அந்த இடத்தில் பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வீட்டு மெஷின் தாங்கவில்லை என்றால் கவலை வேண்டாம். ஆட்டோவுக்குக் கூரை தைக்கிற கடை, பள்ளிக்கூடப் பை தைக்கிற கடை உங்கள் தெருவிலேயே இருக்கும். வெட்டி, எண் போட்டு, கிளிப் மாட்டிக் கொண்டு போய்க் கொடுத்தால் தையல் கூலி மட்டும்தான் செலவு.

வெயிலே கூலியாள்

தைத்து முடித்த உறையை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். ரெக்சின் இளகி விடும். சூடு ஆறுவதற்குள் சீட் மேல் மாட்டி இழுங்கள். ஸ்பாஞ்சு மேல் மெல்லிய பாலிதீன் தாள் போட்டால் உறை சுலபமாக வழுக்கி இறங்கும்.

முதலில் முன்பக்கம் நடுவில் ஒரு வளையம். பிறகு பின்பக்கம் நடுவில். அடுத்து இரண்டு பக்கவாட்டு. மூலைகள் கடைசியில். மூலையில் ஆரம்பித்தால் சுருக்கத்தைக் கடைசி வரை எடுக்க முடியாது.

அழுக்கானால் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் ரெக்சின் காய்ந்து வெடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 வயதைத் தாண்டிய, அசல் நிலையில் உள்ள கார்களை "விண்டேஜ்" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ம் ஆண்டு மத்திய அரசு விதி கொண்டு வந்தது. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அந்த விதி. சீட் உறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பழைய கார் பிரியர்கள் முதலில் பார்ப்பது சீட்டைத்தான். நீளமான ஒரே முன் சீட்டை எடுத்து விட்டு இரண்டு தனி சீட் போட்டு விட்டால் காரின் முகமே மாறி விடும்.

புதுக் காரில் வேண்டாம்

இந்த வேலை எல்லாம் பழைய காருக்குத்தான். இப்போதைய கார்கள் சிலவற்றில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. விபத்து நேரத்தில் அந்த இடத்துத் தையல் தானாகப் பிரிந்து பை வெளியே வர வேண்டும். நாம் நைலான் நூலில் இறுக்கித் தைத்து விட்டால் பை சரியாக விரியாது. அந்த சீட்டில் கையே வைக்காதீர்கள்.

கடைசி வேலை

சீட்டைக் காரில் மாட்டும்போது பழைய துருப்பிடித்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள். அதே அளவில், அதே கனத்தில் புதுசு வாங்குங்கள். சில ரூபாய்தான் செலவு. சடன் பிரேக் போடும்போது ஆளோடு சேர்த்து சீட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தப் போல்ட்தான்.

எல்லாம் முடுக்கிய பிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. அதற்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக் கொண்டு மெரினாவுக்கு ஒரு சுற்று போய் வாருங்கள்.