கடினச் சொல் விளக்கம்: ‘இன்டென்ச்சர்ட்’

மாணவர்களே, மலையகத்தைப் பற்றிய ஆங்கிலப் பந்தி ஒன்றை வாசிக்கும்போது ‘இன்டென்ச்சர்ட் லேபரர்ஸ்’ என்ற தொடரை நீங்கள் அநேகமாகக் காண்பீர்கள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் உங்களில் பலருக்கு இது உங்கள் பாட்டன், பூட்டனைக் குறிப்பதற்கு வழங்கப்படும் சொல். ஆகவே இதனை மனனம் செய்தால் மட்டும் போதாது. விளங்கிக்கொள்ளவும் வேண்டும்.

முதலில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ஐ-என்-டி-ஈ-என்-ரி-யூ-ஆர்-ஈ-டி. உச்சரிக்கும்போது இரண்டாம் அசையாகிய ‘டென்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அகராதியில் ‘ஒப்பந்தத்தால் கட்டுண்ட’ என்று கருத்து இருக்கும். அது பிழையில்லை. ஆனால் எந்த ஒப்பந்தம் என்பதை அகராதி சொல்வதில்லை.

இச்சொல்லின் உள்ளே ‘பல்’ ஒளிந்திருக்கிறது. இலத்தீனில் பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’ என்ற சொல்லே இதன் வேர். பல் வைத்தியரைக் குறிக்கும் ‘டென்ரிஸ்ட்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். முற்காலத்தில் ஐரோப்பாவில் ஓர் உடன்படிக்கையை ஒரே தாளில் இரு தடவை எழுதி, நடுவே பற்கள் போல வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கொரு பாதி. பிணக்கு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பற்கள் பொருந்தினால் பத்திரம் உண்மையானது. அப்பத்திரத்தின் பெயர் ‘இன்டென்ச்சர்’ (பெயர்ச்சொல்). அதனால் கட்டுண்டவரைக் குறிப்பது ‘இன்டென்ச்சர்ட்’ (பெயரடை).

1834 முதல் மொறீசியஸுக்கும், பின்னர் ட்ரினிடாட், நேட்டால், பிஜி முதலிய இடங்களுக்கும் இந்தியத் தொழிலாளர் இத்தகைய எழுத்து ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டனர். பொதுவாக ஐந்து வருடம், ஒரே எசமான். இடையில் விலகினால் அது குற்றம். 1860 இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நேட்டாலுக்குச் சென்றது. அங்கு 1894 இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எசமான் அடித்ததால் முன்பற்கள் உடைந்த நிலையில் காந்தியிடம் வந்தார். சாதாரண வேலைக்காரர் என்றால் வேலையை விட்டுவிடலாம். பாலசுந்தரம் அப்படி விட முடியாது. காந்தியால் செய்ய முடிந்ததெல்லாம் அவருடைய ஒப்பந்தத்தை வேறோர் எசமானின் பெயருக்கு மாற்றிக் கொடுத்ததுதான். ‘இன்டென்ச்சர்ட்’ என்பதன் முழுக் கருத்தும் இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது.

இனி நமது விடயத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் நோயால் இறந்தவர் பலர். (2023 இல் மலையக மக்கள் தங்கள் இருநூறாவது வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.) ஆனால் அவர்கள் கையில் ஐந்து வருடப் பத்திரம் இருக்கவில்லை. அவர்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் வாய்ப்பேச்சானது. ஒரு மாதத்துக்குரியது, அறிவித்தல் கொடுக்காவிட்டால் தானாகவே அடுத்த மாதத்துக்கும் நீளும்.

அப்படியானால் அவர்கள் சுதந்திரமான தொழிலாளரா? பரீட்சையில் அவ்வாறு எழுதிவிடாதீர்கள். அறிவித்தல் இன்றிப் போனால் மறியல்தான். அறிவித்தல் கொடுத்துப் போகலாம் என்றாலோ, கடன் விடாது. வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முற்பணமாகக் கங்காணியின் கணக்கில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துரையிடமிருந்து ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்பதே அத்துண்டின் சாரம். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கடன் தீராது, ஆட்களோடு சேர்ந்து அதுவும் இடம் மாறும். இந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது.

ஆகவே நம் முன்னோருக்குப் பொருத்தமான பெயரடை, ஏறக்குறைய அதே ஓசையுள்ள இன்னொரு சொல்: ‘இன்டெட்டட்’. கடன்பட்ட என்பது கருத்து. எழுதும்போது முதலாம் ‘ஈ’க்குப் பின் ஒரு ‘பி’ வரும், உச்சரிப்பில் வராது. மாணவர் பலர் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதுவதுண்டு. பத்திரத்தால் கட்டுண்டவர் இன்டென்ச்சர்ட், கடனால் கட்டுண்டவர் இன்டெட்டட் என்று நினைவில் வையுங்கள். இரண்டாவதற்கு ‘நன்றிக்கடன்பட்ட’ என்ற நல்ல கருத்தும் உண்டு. கடிதம் எழுதும்போது ‘ஐ ஆம் இன்டெட்டட் டு யூ’ என்றால் பணம் தரவேண்டும் என்று பொருளாகாது.

பத்திரிகைகளிலும் சில நூல்களிலும் இலங்கைத் தோட்டத் தொழிலாளரை ‘இன்டென்ச்சர்ட்’ என்றே எழுதியிருப்பார்கள். பந்தியில் அப்படி இருந்தால் அந்தப் பந்திக்குரிய விடையையே எழுதுங்கள். பரீட்சகரோடு வாதிட வேண்டாம். உங்கள் சொந்தக் கட்டுரையில் மாத்திரம் ‘கங்காணி சிஸ்டம்’ என்று எழுதி, கடனைப் பற்றி ஒரு வசனம் சேருங்கள்.

பயன்பாடு பற்றி ஒன்று. ‘இன்டென்ச்சர்ட்’ பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும்: இன்டென்ச்சர்ட் லேபர், இன்டென்ச்சர்ட் வேர்க்கர். ‘வெரி இன்டென்ச்சர்ட்’ என்று எழுதக்கூடாது. பத்திரம் ஒன்றில் இருக்கும், அல்லது இருக்காது. கூடக் குறைய இருக்க முடியாது.

பயிற்சி: பொருத்தமான பெயரடையைத் தெரிவுசெய்க.

(1) ட்ரூரோ கப்பலில் சென்ற தொழிலாளர்.
(2) தனக்குக் கற்பித்த ஆசிரியைக்கு நன்றிக் கடிதம் எழுதும் மாணவி.
(3) துண்டு கிடைக்காமல் அதே தோட்டத்தில் தங்கிவிட்ட குடும்பம்.

விடை: (1) இன்டென்ச்சர்ட். (2), (3) இன்டெட்டட். ஒரே சொல்தான் என்றாலும் கருத்து வேறு. எவ்வாறு வேறு என்பதை உங்கள் அப்பியாசக் கொப்பியில் ஒரு வசனத்தில் எழுதிப் பாருங்கள்.