ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்



எங்கள் ஊர் மங்களூரில் பெரியம்மா மகனுக்கு மனச்சிதைவு நோய். "ஏன்டா தம்பி, தலையை ஒரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?" என்று பெரியம்மா கேட்டபோது விழித்தேன். பிறகு தேடிப் படித்தேன்.

1976-ல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர் சி.டி. ஸ்கேனில், நாள்பட்ட நோயாளிகளின் மூளையிலுள்ள திரவ அறைகள் பெரிதாக இருக்கக் கண்டனர். 2016-ல் வெளியான எனிக்மா ஆய்வு 2028 நோயாளிகளை 2540 மற்றவர்களோடு எம்.ஆர்.ஐ. மூலம் ஒப்பிட்டது. திரவ அறைகள் சராசரியில் பெரியவை. நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் சிறியது. மருந்தே தொடாத நோயாளிகளிடமும் வித்தியாசம் இருப்பதை பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

'சராசரி' என்பதைக் கவனியுங்கள். சூளையில் வெந்த இரண்டு பேட்ச் டைல்ஸை வெர்னியரால் அளந்தால் சுருக்கத்தின் சராசரி வேறுபடலாம். ஒரே ஒரு டைலைக் கையில் கொடுத்தால் எந்த பேட்ச் என்று சொல்வீர்களா? மூளையும் அப்படித்தான். கட்டி போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்க ஸ்கேன் உதவும். நோயை டாக்டர் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

பெரியம்மாவிடம் சொன்னேன்: "ஸ்கேன்ல அண்ணன் நோய் தெரியாது பெரியம்மா. ஆனா இது பேயுமில்ல, உங்க வளர்ப்புக் குத்தமுமில்ல. டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.