ஊர் சொன்னதும் கோர்ட் கண்டதும்

மந்திர் மார்க் என்றால் ஊரிலிருந்து தில்லி பார்க்க வரும் நம் உறவினர்களுக்கு பிர்லா மந்திர். வங்காளிகளுக்குக் காளி பாரி. நமக்கோ, குழந்தைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்த தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. பழைய தில்லிவாசிகளைக் கேட்டால் 'அது ரீடிங் ரோடு சார்' என்பார்கள். கோயிலும் பள்ளிகளும் சர்க்கார் குவார்ட்டர்ஸுமாக இருக்கும் இந்தச் சாலையின் பெயர், 1995 ஜூலையில் நாட்டிலுள்ள அத்தனை பத்திரிகைகளிலும் அடிபட்டது. 'தந்தூர் கொலை' என்று சொன்னால் வாசகர்களில் பலருக்கு உடனே நினைவு வரும்.

அந்த வழக்கைப் பற்றி அப்போது நாங்கள் பேசாத பேச்சில்லை. கோல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது பேசினோம். பஸ் ஸ்டாப்பில் பேசினோம். பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருந்தபோது பேசினோம். ஒரே வாரத்தில் தீர்ப்பும் சொல்லி முடித்தோம். கோர்ட் தன் தீர்ப்பைச் சொல்ல எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முடிவு ஒன்றுதான் என்றாலும், அதற்கு நாங்கள் வந்த வழியும் கோர்ட் வந்த வழியும் வேறு வேறு. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அந்த ஞாயிறு இரவு

1995 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. இரவு சுமார் பதினொன்றரை மணி. அசோகா ரோட்டில் அசோக் யாத்ரி நிவாஸ் ஓட்டலை ஒட்டியிருந்த 'பகியா' என்னும் திறந்தவெளி உணவகத்திலிருந்து தீயும் புகையும் கிளம்பின. பக்கத்தில் காய்கறி விற்றுவந்த ஒரு பெண்மணி ஓட்டல் தீப்பிடித்துவிட்டது என்று கூக்குரலிட்டார். ரோந்து வந்த கான்ஸ்டபிள் அப்துல் நசீர் குஞ்ஞு ஓடி வந்தார். கேரளத்துக்காரர். வாசலில் தடை இருக்கவே, சுவரேறி உள்ளே போனார். பழைய கட்சிப் போஸ்டர்களை எரிப்பதாக உணவகத்து மேனேஜர் சொன்னார். குஞ்ஞு நம்பவில்லை. தந்தூரி அடுப்பில் இருந்தது ஒரு பெண்ணின் உடல்.

அந்தப் பெண் நைனா சாஹ்னி. காங்கிரஸ் கட்சியில் தொண்டாற்றியவர். அவருடைய கணவர் சுஷீல் சர்மா, தில்லி இளைஞர் காங்கிரஸ் தலைவர். இருவரும் மந்திர் மார்க்கில் ஒரு பிளாட்டில் வசித்தார்கள். அங்கேதான் கொலை நடந்தது என்று போலீஸ் சொன்னது. தலைமறைவான சுஷீல் சர்மா, சென்னை அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கினார் என்ற செய்தி வந்தபோது தில்லித் தமிழர்களான எங்களுக்கு ஒரே தலைகுனிவு. ஆபீசில் பஞ்சாபி நண்பர்கள், "ஏன் சார், உங்க ஊர்லதான் ஒளிய இடம் கொடுப்பீங்களா?" என்று கேலி செய்தார்கள். ஜூலை 10ஆம் தேதி அவர் பெங்களூரில் கைதானார்.

வரவேற்பறை கோர்ட்

அதே ஆண்டுதான் கேபிள் டி.வி.யில் அமெரிக்காவின் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கும் வந்து கொண்டிருந்தது. பெயர்பெற்ற கால்பந்து வீரர், நடிகர். முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டுக்குள் காமிராவை வைத்து ஒன்பது மாதம் உலகத்துக்கே காட்டினார்கள்.

எங்கள் மாடிவீட்டு மாமாவுக்கு அது ஒரு மெகா தொடர். ஜூன் மாதம் சிம்ப்சனைக் கையுறை போட்டுப் பார்க்கச் சொன்னார்களே, அந்தக் காட்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. "கையில ஏறலியே சார், அப்புறம் எப்படி அவன் கொன்னிருப்பான்?" என்று ஒரு கட்சி. "ரத்தத்தில நனைஞ்ச தோல் சுருங்கும், உள்ளே வேற ஒரு ரப்பர் கையுறை போட்டிருக்கான்" என்று இன்னொரு கட்சி. டி.என்.ஏ. என்ற மூன்றெழுத்தை எங்களில் பலர் முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

அக்டோபர் 3, விஜயதசமி. மைதானங்களில் ராவணனைக் கொளுத்திய புகை இன்னும் அடங்கவில்லை. கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, இரவு பத்தரை மணிக்கு எல்லோரும் டி.வி. முன் உட்கார்ந்தோம். ஜூரிகள் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். மாடிவீட்டு மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை சாட்சியம் இருந்தும் விட்டுட்டாங்களே! நம்ம தந்தூர் வழக்கை இப்படி டி.வி.யில காட்டினா நாமே ஒரு நாள்ல தீர்ப்பு சொல்லிடலாம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

இரண்டு தோட்டாக்கள்

எங்களிடம் அப்போது இருந்த 'சாட்சியம்' என்ன? உடலைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டார்கள் என்பது ஒன்று. அந்தப் பெண் எப்படிப்பட்டவர், யாரோடு பேசினார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பது இன்னொன்று. பின்னதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். எங்களில் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியவரில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் போல் பேசினோம்.

புலனாய்வில் நடந்தது வேறு. முதல் பிரேதப் பரிசோதனையில் தோட்டா எதுவும் கிடைக்கவில்லை. பிளாட்டிலோ, சுட்டதற்கான தடயங்களும் ரத்தக் கறையும் இருந்தன. இரண்டும் பொருந்தவில்லையே என்று கேள்வி எழுந்தது. மறுபரிசோதனைக்கு மூன்று டாக்டர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் டி.டி. டோக்ரா அதில் ஒருவர். இந்தமுறை உடலை எக்ஸ்-ரே எடுத்தார்கள். தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று என இரண்டு தோட்டாக்கள் அகப்பட்டன. தலையில் பாய்ந்த குண்டே மரணத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. பெங்களூரில் பிடிபட்ட ரிவால்வரோடு அந்தத் தோட்டாக்கள் பொருந்தின.

உடல் கருகிப் போயிருந்தது. அது நைனாவுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? அவருடைய பெற்றோரின் ரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, இவர்களுடைய மகள்தான் என்று ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அறிக்கை கொடுத்தது. அமெரிக்கக் கோர்ட்டில் வேடிக்கை பார்த்த அதே டி.என்.ஏ., நம் ஊர் வழக்கிலும் வந்து நின்றது.

கொலையை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. இப்படிப்பட்ட வழக்கில் சூழ்நிலைச் சாட்சியங்கள் ஒரு சங்கிலி போல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிரூபணமாக வேண்டும். எல்லாம் சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரையும் காட்டக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1984ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் இதை ஐந்து விதிகளாக வகுத்துச் சொன்னது. தோட்டா ஒரு கண்ணி. ரிவால்வர் ஒரு கண்ணி. மால்ச்சா மார்க்கில் கண்டெடுத்த மாருதி கார் ஒரு கண்ணி. குஞ்ஞு கூண்டேறிச் சொன்ன சாட்சியம் ஒரு கண்ணி.

2003 நவம்பரில் தில்லி அமர்வு நீதிமன்றம் சுஷீல் சர்மாவைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013 அக்டோபர் 8ஆம் தேதி, நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு, குற்றத்தை உறுதி செய்து, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அவர் விடுதலையானார்.

தீர்ப்பில் நான் படித்தது

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கி முழுவதும் படித்தேன். இரண்டு இடங்களில் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒன்று, உடல் வெட்டப்பட்டது என்பதை மருத்துவச் சாட்சியம் நிரூபிக்கவில்லை என்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். தீயில் எரிந்ததாலும் அப்படி ஆகியிருக்கலாம், எதையும் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்பதே டாக்டர்களின் கருத்து. தண்டனையைக் குறைக்கும்போது கோர்ட் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பதினெட்டு வருஷமாக ஊரே சொல்லிவந்த விஷயம் அது! மாயவரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அன்று நான் எழுதிய கடிதத்தில் 'துண்டு துண்டாக வெட்டி' என்று, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவன் போல் எழுதியிருந்தேன். அக்கா அதைத் தெருவுக்கே படித்துக் காட்டினாராம்.

மற்றொன்று, நைனா சாஹ்னி விமானம் ஓட்டத் தகுதி பெற்றவர், தில்லி இளைஞர் காங்கிரஸ் மகளிர் பிரிவின் பொதுச்செயலாளர், சொந்தமாக முடிவெடுக்கக் கூடியவர் என்று தீர்ப்பில் இருந்தது. அத்தனை மாதம் அவரைப் பற்றிப் பேசிய எங்கள் கோஷ்டியில், அவர் விமானம் ஓட்டப் படித்தவர் என்று ஒருவருமே சொன்னதில்லை.

மனைவியிடம் சொன்னேன். கூட்டு வைக்கக் கொத்தவரங்காய் ஆய்ந்து கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "தோட்டா ரெண்டும் எக்ஸ்-ரேயில தெரிஞ்சுது. நீங்கள்லாம் அந்தப் பொண்ணைப் பத்திப் பேசினீங்களே, அது எந்த எக்ஸ்-ரேயில தெரிஞ்சுது?"

எனக்குப் பதில் இல்லை. அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து, நான் எழுதியது தவறு என்று சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ நடந்ததுடா, இப்ப எதுக்கு?" என்றார் அக்கா. இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

பழைய கதையும் புதிய கதையும்

இது தில்லிக்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நம் தாத்தா காலத்தில், 1944ல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டபோது, பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகளா இல்லையா என்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. தண்டனை அடைந்த இருவரும், பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலையானார்கள். சிறையில் கழிந்த காலத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

பிற்பாடு 2008 மே மாதம் நொய்டாவில் ஆருஷி என்ற சிறுமி கொலையுண்டபோது என்ன ஆயிற்று? காணாமல் போன வேலைக்காரர் ஹேம்ராஜ்தான் கொன்றார் என்று முதல் நாள் டி.வி.யில் சொன்னார்கள். நாமும் நம்பினோம். மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில் அவருடைய உடல் கிடந்தது. பெற்றோருக்கு 2013ல் ஆயுள் தண்டனை. 2017ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இடையில் நம் வரவேற்பறைகளில் எத்தனை தீர்ப்புகள்!

உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை 2022 செப்டம்பரிலிருந்து வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. நல்ல விஷயம். ஆனால் கொலை வழக்கில் சாட்சி கூண்டேறுவதை நம் டி.வி.யில் காட்டுவதில்லை. நாம் பார்ப்பது கோர்ட் வாசலில் மைக் பிடித்தவர்களையும், ஸ்டூடியோவில் உட்கார்ந்து கத்துபவர்களையும்தான். அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் கூடினால் பேச்சு வரத்தான் செய்யும். பிள்ளைகள் எதிரில் பேசும்போதாவது மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதை யார் பார்த்தார்கள்? அவர் கோர்ட்டில் வந்து சொன்னாரா? எதிர்த்தரப்பு கேட்ட கேள்விக்கு அது தாக்குப் பிடித்ததா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், "அப்படிச் சொல்கிறார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. அன்றிரவு ஒரு காய்கறிக்காரப் பெண்மணி நமக்கேன் வம்பு என்று கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தால்? கான்ஸ்டபிள் குஞ்ஞு, மேனேஜர் சொன்ன போஸ்டர் கதையைக் கேட்டுத் திரும்பியிருந்தால்? காலையில் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு 'வம்பு வேண்டாம்' என்பது ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. குஞ்ஞுவும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்தான்.

இப்போதும் பிர்லா மந்திருக்குப் போகும்போது அந்தச் சாலையைக் கடக்கிறேன். வாசலில் பூக்கடை, செருப்பு வைக்கும் இடம், பள்ளி விட்டு வரும் குழந்தைகள் என்று எல்லாம் வழக்கம் போல இருக்கிறது. புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தினர் யாராவது, "சார், அந்தக் கொலை இங்கேதானே நடந்தது? துண்டு துண்டா வெட்டினானாமே?" என்று கேட்டால், நின்று பதில் சொல்கிறேன். "கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு குண்டு பாய்ந்து இறந்தார். விமானம் ஓட்டப் படித்தவர்" என்று.