ஆங்கில ஆசிரியர்களின் பட்டப்பின் பயிற்சியும் தொழில்நுட்பமும்

பாடசாலையொன்றில் திறன் வகுப்பறை திறந்துவைக்கப்பட்டதாக வரும் செய்திகளுக்கு எமது மேசையில் பஞ்சமில்லை. நாடா வெட்டும் அதிதிகள், மலர்மாலைகள், பளபளக்கும் திரை, முன்வரிசையில் சீருடையணிந்த மாணவர்கள் என எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஓராண்டு கழிந்த பின்னர் அந்த அறையில் என்ன நடைபெறுகின்றது என்பது பற்றி எவரும் செய்தி அனுப்புவதில்லை. நாம் பயின்ற காலத்தில் பல்கலைக்கழகத்தில் மொழி ஆய்வுகூடம் என்றொன்று இருந்தது. காதில் மாட்டும் கருவிகளும் ஒலிநாடாக்களும் உறையிட்டு மூடப்பட்டிருந்தன. பழுதாகிவிடும் என்ற அச்சத்தினால் அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பழுதாகவும் இல்லை, எவருக்கும் பயன்படவும் இல்லை.

கருவிக்கும் வகுப்பறைக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் ஆங்கிலம் கற்பித்தல் துறையில் தனியொரு பட்டப்பின் கற்கை வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகம் கல்வித் தொழில்நுட்பத்தையும் ஆங்கிலம் கற்பித்தலையும் இணைத்த முதுமாணிக் கற்கைநெறியை நேரிலும் தொலைக்கல்வியாகவும் நடத்தியது. எமது நாட்டில், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஆங்கிலப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தலில் முதுமாணிப் பட்டம் வழங்குகின்றது.

இரண்டாம் மொழி, அந்நிய மொழி என்ற வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. வகுப்பறைக்கு வெளியேயும் ஒரு மொழி காதில் விழுமாயின் அது இரண்டாம் மொழி. பாடவேளை முடிந்ததும் அம்மொழி மறைந்துவிடுமாயின் அது அந்நிய மொழி. 1987 இல் நிறைவேற்றப்பட்ட 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆயினும் முசலியிலோ முல்லைத்தீவின் உட்கிராமங்களிலோ வாழும் பிள்ளைக்கு அது அந்நிய மொழியாகவே இருக்கின்றது. அத்தகைய பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவதற்கான வழி ஆசிரியரின் குரல் ஒன்றுதான். அல்லது ஒரு கருவி. தொழில்நுட்பம் இங்கு அலங்காரமன்று என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின் இக்கற்கைநெறிகளில் ஆசிரியர் எதனைக் கற்கின்றார்? கணினியை இயக்குவதை அல்ல. அதனை ஒரு வாரச் செயலமர்வில் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ரா, மெத்தியூ கோலர் ஆகிய இருவரும் 2006 இல் முன்வைத்த விளக்கம் இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. பாடத்தைப் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, கருவியைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே ஆசிரியரின் திறமை இருக்கின்றது என்பது அதன் சாரம்.

உதாரணத்துக்கு வருவோம். தமிழில் 'பின்' என்று ஒரேவிதமாக எழுதப்படும் இரு ஆங்கிலச் சொற்கள் உள்ளன. ஒன்று குண்டூசி, மற்றையது குப்பைத்தொட்டி. எமது எழுத்து அவ்விரு ஒலிகளையும் வேறுபடுத்துவதில்லை என்பதால் எமது பிள்ளைகளின் காதும் அவற்றை எளிதில் பிரித்தறிவதில்லை. இதை அறிந்திருப்பது பாட அறிவு. உச்சரிக்கச் செய்வதற்கு முன்னர் கேட்டுப் பிரித்தறியச் செய்ய வேண்டும் என்பது கற்பித்தல் அறிவு. இச்சொற்களைக் கையடக்கத் தொலைபேசியில் பதிவுசெய்து, மாணவர் தமது குரலையும் மாதிரிக் குரலையும் மாறிமாறிக் கேட்கச் செய்யலாம் என்பது கருவி அறிவு. பழைய தொலைபேசி ஒன்றே இதற்குப் போதும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், இலட்சங்கள் செலவான திரையில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றோர் உதாரணமும் உண்டு. 'கலந்துரையாடு' என்ற பொருள்தரும் ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னர் 'பற்றி' என்ற பொருளில் 'எபௌட்' சேர்ப்பது நாம் அனைவரும் செய்யும் தவறு. எமது அலுவலகத்துக்கு வரும் ஆங்கில அறிக்கைகளிலும் அது தவறாமல் இடம்பெறும். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் வெட்டலாம். அல்லது, 1994 இல் பூர்த்தியான, சுமார் 10 கோடி சொற்களைக் கொண்ட பிரித்தானியத் தேசியச் சொற்றொகுதியில் இருந்து அச்சொல் வரும் இருபது வாக்கியங்களை எடுத்து மாணவர் முன் வைத்து, விதியை அவர்களே கண்டறியச் செய்யலாம். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிம் ஜோன்ஸ் வளர்த்தெடுத்த முறை இது. மின்சாரம் இல்லாத பாடசாலையில் அந்த இருபது வாக்கியங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலும் பாடம் நடக்கும்.

கணினியால் மொழி கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1960 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பிளேட்டோ' திட்டத்திலேயே அதன் வேர்கள் உள்ளன. பிரித்தானிய ஆய்வாளர் ஸ்டீபன் பக்ஸ் 2003 இல் எழுதிய கட்டுரையொன்றில், பேனாவையும் புத்தகத்தையும் போலக் கணினியும் எவரும் கவனிக்காத அளவுக்கு இயல்பானதாகும்போதே அது வகுப்பறையில் நிலைபெறும் என வாதிட்டார். நாடா வெட்டித் திறந்துவைக்கப்படும் பொருள் அந்த நிலையை இன்னும் எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இங்கு யாழ்ப்பாணத்திலிருந்தே வந்த ஓர் ஆய்வையும் குறிப்பிட்டாக வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் அமெரிக்கா சென்ற பேராசிரியர் சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்துத் தமது வகுப்பறையைப் பற்றி எழுதிய நூலை 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அமெரிக்கப் பாடநூல் காட்டிய வாழ்க்கையுடன் ஒட்டமுடியாத மாணவர்கள், அதன் ஓரங்களில் தமது சொந்தக் குறிப்புகளையும் படங்களையும் வரைந்ததை அவர் கூர்ந்து கவனித்தார். உரையாடல் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டுப் பரீட்சைக்கு உதவும் இலக்கணத்தையே அம்மாணவர்கள் வேண்டி நின்றனர். இன்று தொலைபேசிச் செயலிகளில் வரும் பாடங்களிலும் விமான நிலையமும் உணவு விடுதியுமே நிறைந்திருக்கின்றன. திரைக்கு ஓரமில்லை, குறிப்பெழுதவும் இடமில்லை. அந்த உரையாடலை மூதூர்ச் சந்தைக்கும் நெல்லியடிப் பேருந்து நிலையத்துக்கும் மாற்றியமைக்க வல்லவர் ஆசிரியரே. பட்டப்பின் பயிற்சி அவருக்கு அந்தத் துணிவைத் தராவிடில் வேறெதனைத் தந்தும் பயனில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பயிற்சியின் இன்மையை நாடு முழுவதும் உணர்ந்தது. கரும்பலகையில் எழுதுவதை எழுதிப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதே பல இடங்களில் இணையவழிக் கல்வியாயிற்று. ஆசிரியர்களைக் குறைகூறுவதற்கில்லை, அவர்களுக்கு எவரும் வேறுவழி சொல்லிக் கொடுக்கவில்லை. 2021 இல் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ கிராமத்தில், சமிக்ஞை தேடிக் காட்டுப் பாறையில் ஏறியமர்ந்து மாணவர்கள் படித்த காட்சி உலகச் செய்தியாயிற்று. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்ததன் பின்னர் சிக்கல் மறுபக்கமாகத் திரும்பியுள்ளது. கட்டுரையை இயந்திரமே எழுதித் தருகின்ற நிலையில், எந்தப் பயிற்சியை வீட்டுக்குக் கொடுப்பது, எதனை வகுப்பில் கண்முன்னே எழுதச் செய்வது என்ற தீர்மானத்தை ஒவ்வோர் ஆங்கில ஆசிரியரும் எடுக்க வேண்டியுள்ளது.

எமது கவலை பயிற்சியின் உள்ளடக்கத்தைவிட அதன் பின்விளைவைப் பற்றியது. முதுமாணிப் பட்டம் பெற்ற ஆங்கில ஆசிரியர் தரம் 6 வகுப்பறையில் நிலைத்திருக்க எந்த ஊக்குவிப்பும் இல்லை. பதவியுயர்வு, நகர்ப்புற இடமாற்றம், தனியார் நிறுவனம், வெளிநாடு எனப் பாதைகள் யாவும் வெளியேதான் செல்கின்றன. தமிழ்மொழி மூலப் பின்தங்கிய பாடசாலைகளே இதனால் மீண்டும் இழக்கின்றன. பரீட்சையும் உதவுவதில்லை. சாதாரண தரத்தில் ஆங்கிலம் எழுத்து வினாத்தாள்களாலேயே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. கேட்டலுக்கும் பேச்சுக்கும் புள்ளியில்லாதபோது, குரலைப் பதிவுசெய்யும் ஆசிரியர் நேரத்தை வீணாக்குபவராகவே அதிபருக்கும் பெற்றோருக்கும் தோன்றுவார்.

திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உள்ளன. கற்கையின் செய்முறைப் பகுதியை ஆசிரியர் தமது சொந்தப் பாடசாலையிலேயே, அங்குள்ள மின்சாரத்துடனும் அங்குள்ள தொலைபேசிகளுடனும் செய்துகாட்ட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டு, மேற்பார்வையாளர் அங்கு சென்று பார்ப்பாராயின், கற்கும் காலத்திலேனும் அந்தப் பிள்ளைகள் பயனடைவர். பட்டம் பெற்றபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அதே வலயத்தில் பணியாற்றுவோருக்குக் கற்கைக் கட்டணத்தை மாகாணக் கல்வி அமைச்சு திருப்பிச் செலுத்தலாம். ஒரு திறன் வகுப்பறைக்கு ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் அது பெருந்தொகையன்று.

திறப்பு விழாப் படங்களை நாம் தொடர்ந்தும் பிரசுரிப்போம். அந்த அறைகளில் ஓராண்டு காலம் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் எவரேனும் அங்கு நடந்ததை எழுதியனுப்பினால், அதற்கும் இப்பக்கத்தில் இடமுண்டு.