சொட்டும் குழாயும் நிற்காத தொட்டியும்

இரவில் அரவம் அடங்கிய பின்னரே வீட்டின் சில குறைகள் நம் காதில் விழுகின்றன. குளியலறைக் குழாயின் சொட்டு அவற்றுள் ஒன்று. பகலெல்லாம் அது சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். கேட்ட பின்னும், அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு உறங்கச் செல்வதே நம்மில் பலர் காணும் பரிகாரம்.

இச்சொட்டைச் சற்றுக் கணக்கிடுவோம். நொடிக்கு ஒன்று வீதம் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். ஒரு சொட்டு ஏறத்தாழக் கால் மில்லிலிட்டர் எனக் கொண்டால் 20 லிட்டருக்கும் சிறிது மிகுதி. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்கள் கொண்ட இரயிலில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவரப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒண்ணேகால் லட்சம் வீடுகளில் வீட்டுக்கு ஒரு குழாய் இவ்வாறு சொட்டினால், ஒரே நாளில் அந்த இரயில் முழுவதும் காலியாகிவிடும். காலிக் குடங்களுடன் தாய்மார்கள் லாரிக்குக் காத்து நின்றதும் அதே கோடையில்தான்.

திருகிமூடும் பழைய வகைக் குழாயில் குற்றவாளி பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷரே. முன்னாளில் தோலாலும் பின்னர் இரப்பராலும் செய்யப்பட்ட இச்சிறு வில்லை, குழாயை மூடும்போது உள்ளிருக்கும் பித்தளை வாயின்மீது அழுந்தி நீரைத் தடுக்கிறது. நாளடைவில் அது தேய்ந்து இறுகிவிடும். சொட்டுகிறதே என்று வீட்டிலுள்ள ஆண்மக்கள் தம் பலம் முழுவதையும் காட்டித் திருகுவதுண்டு. இதனால் வாஷர் மேலும் நசுங்குகிறதேயன்றிச் சொட்டு நிற்பதில்லை. அவ்வாறு திருகுவதை விலக்கினாலே பாதி வாஷர்கள் பிழைக்கும் என்பது எமது எண்ணம்.

வாஷரை மாற்றுவது கடினமன்று. முதலில் அக்குழாய்க்கு நீர் வரும் வால்வை மூடுக. இதனை மறந்தவர்கள் நனையாமல் தப்பியதில்லை. திருகாணி உருண்டோடாதபடி தரைச் சாக்கடைத் துவாரத்தை ஒரு துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி, பழைய வாஷரையே கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்குதல் நலம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வரும் வீடுகளில் பித்தளை வாயில் வெண்ணிறக் காரை படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்துத் தேய்த்தால் அது நீங்கும். வாயே அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருப்பின் புதிய வாஷரும் பயன் தராது. கால் சுற்றில் திறந்து மூடும் இக்காலக் குழாய்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் உட்கருவியையே மாற்ற வேண்டும்.

குழாயாவது சொட்டிக் காட்டிக்கொடுக்கிறது. கழிவறைத் தொட்டியோ ஓசையின்றியே நீரை இழக்க வல்லது. நூலிழை போன்ற ஒழுக்கு நிமிடத்திற்கு ஒரு லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 1,440 லிட்டர் ஆகிறதே! இதனைக் கண்டறிய வெள்ளைத் துணிக்கு இடும் சொட்டு நீலமே போதும். தொட்டி நீரில் சில துளிகள் விட்டு, அரைமணி நேரம் எவரும் நீரிறைக்காமல் காத்திருங்கள். பீங்கானில் நீலம் தோன்றினால் தொட்டியிலிருந்து நீர் கசிகிறது என்பது உறுதி.

எவ்வழியாகக் கசிகிறது என்பதை மூடியைத் திறந்தால் அறியலாம். நீர்மட்டம் உயர்ந்து நடுவிலுள்ள நிரம்புகுழாய்க்குள் வழிகிறதாயின் குறை மிதவையில் உள்ளது. மிதவைக் குண்டைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர் அலம்பினால் அது ஓட்டை, மாற்றுவதே வழி. நன்றாயிருப்பின், பித்தளைக் கம்பியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்து, நீர் நிரம்புகுழாயின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்குமாறு செய்யலாம். பிளாஸ்டிக் வகையில் இதற்கெனவே ஒரு திருகு இருக்கும். மட்டம் சரியாயிருந்தும் நீலம் இறங்கினால், அடியிலுள்ள இரப்பர் மூடியைத் துடைத்துப் பாருங்கள். ஒரு மணல் துகள்கூட அதனைச் சரியாக அமரவிடாது.

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவது வேறு கதை. அங்கே பழுது கருவியில் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்த நம்மிடமே இருக்கிறது. அண்டை வீட்டார் குரல் கொடுத்த பின்னர் நிறுத்தும் வழக்கமுள்ள இல்லங்களுக்கு, நீர்மட்டம் அறிந்து மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி மின்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பொருத்துவதை மட்டும் மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.