கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் கண்ணீர்க் கதை!

மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பென்ஷன் இழுபறி

(நமது நிருபர்)

ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டிக் கடைக்காரரே கையை நீட்டிக் காட்டி விடுவார்.

அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ, பரண் மீதோ ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மேலே வெள்ளை பெயிண்டில் நம்பர், ராங்க், பெயர். பேரன் பிறந்த தேதியை மறந்தாலும், அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தாத்தா சொல்லி விடுவார்.

பெட்டிக்குள் மெடல் இருக்கும். பழைய போட்டோ இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். அதற்கும் அடியில் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். அதுதான் "பி.பி.ஓ." எனப்படும் பென்ஷன் உத்தரவு.

மெடலை எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். பி.பி.ஓ.வை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வினையே அங்கேதான்!

டாங்கி பிறந்த ஊர்

ஆவடிக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே இங்கு ராணுவம் முகாமிட்டு விட்டது.

1965-ல் இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து "விஜயந்தா" டாங்கி வெளியே வந்தது. 1971-ல் பாகிஸ்தானுடன் நடந்த போரில் அந்த டாங்கியும் ராணுவத்தில் இருந்தது. பிறகு "அஜேயா", "அர்ஜுன்", "பீஷ்மா" என்று வரிசையாக டாங்கிகள் உருண்டு வந்தன. பக்கத்திலேயே படை உடைத் தொழிற்சாலை. ஜவான் போடும் சட்டை அங்கே தைக்கப்பட்டது. விமானப்படை நிலையமும் இங்கேயே இருக்கிறது.

பட்டாளத்தை விட்டு வந்த பலருக்கு இந்த வட்டாரம் பிடித்துப் போனதில் என்ன ஆச்சரியம்? அம்பத்தூர் எஸ்டேட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்தார்கள். சிலர் பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். சீட்டுப் பிடித்து அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டினார்கள்.

இன்று அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டி விட்டது. 1971-ல் இருபது வயது ஜவான் என்றால், இப்போது கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்!

பூ வைக்கும் நாட்கள்

ராணுவ வீரர்களை நினைக்க நாள் இல்லாமல் இல்லை. டிசம்பர் 16 வெற்றி நாள். 1971 போரில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரண் அடைந்த நாள். சென்னை தீவுத்திடல் பக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கிறார்கள். ஜூலை 26 கார்கில் நாள். 1999-ல் நடந்த அந்தச் சண்டையில் நாம் 500-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பறி கொடுத்தோம். டிசம்பர் 7 கொடி நாள். 1949-ல் இருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் காசு போட்டு வாங்கிச் சட்டையில் குத்திக் கொண்டோமே, அந்தச் சின்னக் காகிதக் கொடிதான்.

டில்லியில் 2019 பிப்ரவரி 25-ந் தேதி தேசிய போர் நினைவகம் திறந்தார்கள். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டு இருக்கின்றன.

கல்லில் பெயர் இருக்கிறது. சரி! வீட்டில் தனியாக இருக்கும் மனைவியின் பெயர் ரிக்கார்டில் இருக்கிறதா?

இலங்கை போனவர்கள்

நாள் கூட ஒதுக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்தவர்களும் உண்டு. 1987-ல் அமைதிப் படை என்ற பெயரில் இலங்கைக்குப் போனவர்கள் அவர்கள். சுமார் 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. 1990 மார்ச் மாதம் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஈழத் தமிழர் மீது அந்தப் படை சுட்டது என்ற கோபம் அப்போது தமிழ்நாட்டில் கொதித்துக் கொண்டிருந்தது. வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி போகவில்லை.

யார் செய்தது சரி என்பது அரசியல். அதை அரசியல்வாதிகள் பேசட்டும். ஆனால் "போ" என்றதும் போன ஜவானுக்கு அதில் என்ன பங்கு?

அந்தச் சண்டையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் ஒரே ஒருவர்தான். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25-ந் தேதி யாழ்ப்பாணப் பகுதியில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். சாலிகிராமம் ஆற்காடு ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் "பரமேஸ்வரன் விகார்" என்ற ராணுவக் குடியிருப்பைப் பார்த்திருப்பார்கள். அது அவர் பெயர்தான். தினம் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஊர் மறந்தாலும் பட்டாளத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் மறப்பது இல்லை. ஒரே பாரக்கில் படுத்தவர்கள். ஒரே மெஸ் தட்டில் சாப்பிட்டவர்கள். பட்டாலியன் பிறந்த நாள் வந்தால் எங்கிருந்தாலும் கூடி விடுகிறார்கள். "சாப்!" என்று கூப்பிட்டதும் எழுபது வயது முதுகு நிமிர்கிறது.

இந்தத் தோழமைதான் இன்றைக்குப் பல விதவைகளின் அடுப்பை எரிய வைக்கிறது. எப்படி?

ராத்திரி 2 மணி

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இது ஒரு வீட்டுக் கதை இல்லை, பல வீட்டுக் கதை.

ராத்திரி 2 மணி. மிலிட்டரிக்காரருக்கு நெஞ்சு வலி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்து விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்த பந்தம் ஊருக்குப் போய் விட்டது. அடுத்த மாதம் பாங்கியில் பென்ஷன் விழவில்லை.

அந்த அம்மாள் கூன் விழுந்த முதுகோடு படி ஏறிப் போய்க் கேட்கிறார். "உங்க பேரு வேற, இதுல இருக்கற பேரு வேறம்மா" என்று பதில் வருகிறது.

"நாப்பது வருஷம் அவரோட குடும்பம் நடத்தினேனே, நான் வேற ஆளா?" என்று அந்த அம்மாள் அழுதால், கம்ப்யூட்டருக்குக் காது கேட்குமா?

"எக்ஸ்" போட்ட லட்சுமி

குளறுபடி எங்கே ஆரம்பிக்கிறது? ஜவானுக்குக் கல்யாணம் ஆனதும் அவருடைய யூனிட் ஆபீசில் "பார்ட் டூ ஆர்டர்" என்று ஒன்று போடுவார்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, பிறகு குழந்தைகள் பெயர் எல்லாம் அதன் மூலம்தான் ரிக்கார்டு ஆபீசுக்குப் போகும்.

எழுதுகிற கிளார்க் வடநாட்டுக்காரர். "லட்சுமி" என்று சொன்னால் ஆங்கிலத்தில் "எக்ஸ்" போட்டு எழுதுவார். நம் ஊர் ஆதார் கார்டில் "கே.எஸ்.எச்." போட்ட லட்சுமி. ரேஷன் கார்டிலோ மகாலட்சுமி! "ழ" வருகிற பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கு இனிஷியல் முன்னால் வரும். ராணுவத்தில் பின்னால் தள்ளி விடுவார்கள். அல்லது அப்பா பெயரை முழுசாக நீட்டி எழுதி விடுவார்கள். பிறந்த தேதி தெரியாத பெண்ணுக்கு ஏதோ ஒரு தேதியைப் போட்டு வைத்ததும் உண்டு.

அன்று காகித லெட்ஜர் காலம். பாங்கியில் முகம் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். இன்று பென்ஷன் எல்லாம் "ஸ்பர்ஷ்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு மாறி விட்டது. இது முகம் பார்க்காது. எழுத்தை மட்டும்தான் பார்க்கும்.

வேப்பமரத்தடி ஆபீஸ்

இந்த இடத்தில்தான் பழைய தோழர்கள் வருகிறார்கள். போர்டு இல்லை, மேஜை இல்லை. வீட்டுத் திண்ணையோ, வேப்ப மரத்தடியோதான் ஆபீஸ். யூனிட்டில் கிளார்க்காக இருந்து வந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர்தான் அந்தத் தெருவுக்கே வக்கீல்!

"அழாதே தங்கச்சி. அவரோட டிஸ்சார்ஜ் புக்கை எடு" என்றுதான் பேச்சு தொடங்கும்.

நம்பரைப் பார்த்ததும் எந்த ரிக்கார்டு ஆபீஸ் என்று சொல்லி விடுவார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினீயர் என்றால் பெங்களூர். பீரங்கிப் படை என்றால் நாசிக். டாங்கிப் படை என்றால் அகமத்நகர். சிக்னல் என்றால் ஜபல்பூர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இத்தனை ஊருக்கு எங்கே போவாள்?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான் இதற்கு வாசல். அங்கேயும் ஒரு சிக்கல். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்து விட்டது. பழைய நினைப்பில் ஊர் மாறிப் போனால் ஒரு நாள் வீண், பஸ் காசும் வீண்!

உயிரோடு இருக்கும்போதே...

கவனிக்க வேண்டியது இதுதான். ஜவான் உயிரோடு இருக்கும்போது பெயரைத் திருத்துவது சுலபம். "இவள் என் மனைவி" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், ஜோடிப் போட்டோ வைத்து ரிக்கார்டு ஆபீசுக்கு அனுப்பலாம். அவர் கண் மூடிய பிறகு, "நான்தான் அவர் மனைவி" என்று அந்த அம்மாள் நிரூபிக்க வேண்டும்! இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மிலிட்டரிக்காரர்கள் இன்றே பார்க்க வேண்டியவை:

* பி.பி.ஓ.வில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா?

* பாங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா?

* ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்று கொடுத்தாகி விட்டதா? பெரும்பாலோருக்கு நவம்பர் மாதம். விரல் ரேகை தேய்ந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். மொபைல் போனில் முகத்தைக் காட்டியே கொடுக்க வழி வந்து விட்டது.

* இ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டு மனைவிக்கும் எடுத்தாகி விட்டதா? இந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் இருந்து இருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கணவர் இறந்ததை உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் அவர் பென்ஷன் தொடர்ந்து விழும். அதை ஏ.டி.எம்.மில் எடுத்துச் செலவு செய்தால், பிறகு குடும்பப் பென்ஷனில் பிடித்து விடுவார்கள். சாவுச் செலவுக்கு எடுத்த பணமே கடனாக வந்து கழுத்தை நெரிக்கும்.

பென்ஷனே இல்லாதவர்கள்

ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்பே திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். மெடல் உண்டு, பென்ஷன் இல்லை! ஹவில்தார் வரை உள்ளவர்கள், 65 வயதைத் தாண்டி வருமானம் இல்லாமல் இருந்தால், ராணுவ அமைச்சக நிதியில் இருந்து மாத உதவி கேட்கலாம். அவர்கள் விதவைகளும் கேட்கலாம். விண்ணப்பம் அதே மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

வரும் கொடி நாளில் உண்டியலில் காசு போடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு வேலையும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு மிலிட்டரித் தாத்தாவிடம் போய், "அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொஞ்சம் திறங்க தாத்தா" என்று சொல்லுங்கள்.

மெடலைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாட்டியின் பெயரைப் பாருங்கள்!